சேர்ந்த தேதியா, விகிதமா: இரண்டு கம்பெனி ஒன்றானால் சீனியாரிட்டியை எப்படிப் போடுவது?

2023-இல் எங்கள் கன்டெய்னர் யார்டும் விச்சூர் பக்கத்து யார்டு ஒன்றும் ஒரே முதலாளி கைக்குப் போயின. எங்களுடையது திருவொற்றியூர் பக்கம், பழைய யார்டு. அவர்களுடையது 2012-இல் தொடங்கியது. இரண்டு பக்க ஆபரேட்டர்களுக்கும் ஒரே சீனியாரிட்டி பட்டியல் வேண்டும், எப்படி என்று நீங்களே பேசி முடியுங்கள் என்று நிர்வாகம் கையை உதறிவிட்டது. பக்கத்துக்கு மூன்று பேர் என்று ஆறு பேர் கமிட்டி. அதில் நானும் ஒருத்தன்.

அக்கா மகன் கோ-பைலட். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னேன். "மாமா, எங்க லைன்ல இதுக்காகக் கம்பெனியே நாறியிருக்கு. சம்பளத்தை எப்ப வேணா ஏத்திக்கலாம். சீனியாரிட்டி நம்பர் போச்சுன்னா போச்சு" என்றான். அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தேடிப் படித்ததில்தான் எங்கள் பிரச்சினையே எனக்கு விளங்கியது.

வழி இரண்டுதான். ஒன்று, சேர்ந்த தேதி: யார் முதலில் வேலைக்கு வந்தாரோ அவர் மேலே. சம்பளப் பதிவேடு ஒன்று போதும், ஒரு மாலையில் பட்டியல் தயார். இன்னொன்று, விகிதம்: அவரவர் கம்பெனியில் எந்த வண்டி ஓட்டினார்கள், எத்தனையாவது ஆளாக இருந்தார்கள் என்று பார்த்து, அந்த இடம் கெடாமல் இரண்டு வரிசையையும் கலப்பது. சின்னக் கம்பெனி ஆட்களை மொத்தமாக அடியில் ஒட்டிவிடுவது என்று மூன்றாவதும் உண்டு. 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ. என்ற விமானக் கம்பெனியை வாங்கியபோது அந்தப் பைலட்டுகளில் பெரும்பகுதிக்கு அதுதான் நடந்தது. அந்தக் கொடுமைக்குப் பிறகுதான், இனி இணைப்பு என்றால் பட்டியல் நியாயமாக இருக்க வேண்டும் என்று 2007-இல் அங்கே சட்டமே போட்டார்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விகிதத்தின் பக்கம். சேர்ந்த தேதிப்படி போட்டிருந்தால் எனக்கு 7-ஆம் நம்பர் வந்திருக்கும். இப்போது 12. நஷ்டப்பட்டவன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கு இதுதான். எங்கள் பக்கம் 24 ஆபரேட்டர்கள், அவர்கள் பக்கம் 18. எல்லாருக்கும் கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டியான ரீச் ஸ்டாக்கரின் சீட்தான் கனவு, சம்பளமும் ஓ.டி.யும் அதில்தான். எங்களிடம் மெஷின் குறைவு, ஆறே சீட். அதனால் இருபது வருஷ சர்வீஸ் போட்டும் நான் ஃபோர்க்லிஃப்ட்டில்தான் இருந்தேன். அவர்களிடம் பத்து சீட். ஆறு வருஷ சர்வீஸ் உள்ள பையன் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறான். சேர்ந்த தேதிப்படி போட்டால் முதல் 16 இடமும் எங்கள் ஆட்களுக்கு. அந்தப் பத்துப் பேரும் ஒரே ராத்திரியில் கீழே இறங்க வேண்டும். சீனியாரிட்டி என்று நாம் பெயர் வைத்தாலும் அவன் வீட்டில் அதற்குப் பெயர் சம்பள வெட்டு.

இதே படம் 2005-இல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தபோது ஓடியது. யு.எஸ். ஏர்வேஸ் பழைய கம்பெனி, பைலட்டுகள் வயதானவர்கள், திவாலில் ஏராளமான பேர் வேலையிழந்து வீட்டில் இருந்தார்கள். அமெரிக்கா வெஸ்ட் 1983-இல் பறக்கத் தொடங்கிய இளைய கம்பெனி. ஜார்ஜ் நிக்கோலாவ் என்ற நடுவர் 2007-இல் விகிதப்படி தீர்ப்புச் சொன்னார். பெரிய விமானம் ஓட்டிய பழைய கம்பெனிக்காரர்கள் 517 பேர் உச்சியில், வேலையிழந்தவர்கள் அடியில், நடுவில் கலப்பு. 15 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர்கள் நேற்று வந்தவர்களுக்குக் கீழே போனார்கள். கொதித்துப்போய் 2008-இல் பழைய சங்கத்தையே தூக்கி எறிந்து புதுச் சங்கம் கண்டார்கள். 2013 டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணையும்வரை இரண்டு பட்டியலும் இரண்டாகவே கிடந்தன. பட்டியல் முடியாததால் பொது ஒப்பந்தம் இல்லை. பொது ஒப்பந்தம் இல்லாததால் அந்த மூத்தவர்கள் திவால் காலச் சம்பளத்திலேயே வருஷக்கணக்காக ஓட்டினார்கள். நம்பரைக் காப்பாற்றப் போய் சம்பளத்தை விட்டார்கள்.

அப்படியென்றால் விகிதமும் வெடிக்கத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் கமிட்டியிலும் கேட்டார்கள். "நீ நம்ம யார்டு ஆளா, அவனுங்க ஆளா?" என்று எங்கள் பக்கத்து அண்ணன் ஒருத்தர் டீக்கடையில் எல்லார் எதிரிலும் கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அது எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

விஷயம் ஓய்வு பெறும் தேதியில் இருக்கிறது. சேர்ந்த தேதியை எல்லாரும் பார்க்கிறோம், போகிற தேதியை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்து ஆறு சீட்டில் முதல் நான்கு பேரும் மூன்று வருஷத்துக்குள் 58 முடிந்து வெளியே போகிறவர்கள். அவர்கள் பக்கம் பத்துப் பேரில் யாருக்கும் 45-கூட ஆகவில்லை. இணைப்பே நடக்காமல் இருந்தால் அந்த நான்கு சீட்டும் எனக்கும் எனக்குப் பின்னால் இருக்கிற மூன்று பேருக்கும் வந்திருக்கும். வெறும் விகிதத்தில், எங்கள் கிழவர்கள் காலி செய்கிற சீட்டில் அவர்கள் பக்கத்துப் பையனும் வந்து உட்காருவான். அவர்கள் சீட் எதுவும் இப்போதைக்குக் காலியாகாது. யு.எஸ். ஏர்வேஸ்காரர்கள் கத்தியதும் இதைத்தான்: ஓய்வு எங்களுடையது, பதவி உயர்வு அவர்களுக்கா?

விமானத் தொழிலில் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறவர்களைப் பட்டியலிலிருந்து உருவி எடுத்துவிடுவது. அவர்கள் இல்லை என்று வைத்துக்கொண்டு மிச்சப் பேரை விகிதப்படி கலப்பது. பிறகு உருவியவர்களை அவரவர் இடத்தில் திரும்பச் செருகுவது. நாங்கள் அதைத்தான் செய்தோம். நான்கு பேரை உருவியதும் 5 முதல் 10 வரை இருந்த எங்கள் ஆட்கள் ரீச் ஸ்டாக்கர் வரிசைக்குள் வந்துவிட்டார்கள். கலந்து, செருகி முடித்தபோது எனக்கு 12. கூடவே இன்னொரு நிபந்தனை: இன்றைக்குச் சீட்டில் இருப்பவனை யாரும் இறக்கக்கூடாது, காலியாகும் இடத்துக்குத்தான் பட்டியல் பேசும். டீக்கடை அண்ணன் கையெழுத்துப் போட்டது இந்த இரண்டுக்காகத்தான்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது பணத்தால் தீர்கிற சண்டை. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் இணைந்தன. 2011-இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சமச் சம்பளம் கேட்டுச் செய்த வேலைநிறுத்தம் பத்து நாளில் முடிந்தது. அடுத்த வருஷம், 787 டிரீம்லைனர் விமானப் பயிற்சி அவர்களுக்கும் போகிறதே என்று பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் இறங்கியது 58 நாள் நீண்டது. முன்னது காசு, பின்னது சீட். 2024 ஏப்ரலில், ஏர் இந்தியாவோடு இணைவதற்கு முன் விஸ்தாரா பைலட்டுகள் முரண்டு பிடித்ததும் பெரும்பாலும் காசுக்குத்தான்: 70 மணி நேரத்துக்கு இருந்த நிலையான சம்பளம் 40 மணி நேரத்துக்கு என்று மாறியது. பறக்காத மாதம் வீட்டுக்கடன் கட்டுகிறவனுக்கு அந்த 30 மணி நேரம் சாதாரண விஷயமில்லை. எங்கள் யார்டில் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தச் சம்பளத்தை இரண்டு பக்கத்துக்கும் வாங்கினோம். ஆறு மாதம் இழுத்தார்கள், கொடுத்தார்கள்.

சேர்ந்த தேதி முறை எங்கேயும் உதவாது என்று சொல்ல மாட்டேன். இரண்டு கம்பெனியும் ஏறக்குறைய ஒரே வயது, மெஷினும் ஆளும் ஒரே அளவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே போடலாம். இவ்வளவு மண்டையிடி வேண்டாம். 42 பேரை வைத்துச் செய்த கணக்கு ஆயிரக்கணக்கான பைலட்டுகளுக்கு அப்படியே பொருந்தும் என்றும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பட்டியலுக்கே இரண்டு வயதுதான். உருவிச் செருகிய நால்வரில் இருவர் போய்விட்டார்கள். முதல் சீட் எனக்கு, இரண்டாவது எனக்குப் பின்னால் நின்ற எங்கள் ஆளுக்கு. நான்கு மாதமாக ரீச் ஸ்டாக்கரில் இருக்கிறேன். 45 டன் தூக்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் எண்ணூர் துறைமுகம் போகும் டிரெய்லர் வரிசை மொத்தமும் தெரிகிறது.

மிச்ச இரண்டு பேர்தான் கவலை. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் பைலட் ஓய்வு வயதை 60-லிருந்து 65 ஆக்கினார்கள். அடுத்த ஐந்து வருஷம் மேலே இருந்தவர்கள் நகரவில்லை, பின்னால் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். எங்கள் யார்டிலும் 58-ஐ 60 ஆக்கலாமா என்று போன மாதம் நிர்வாகம் பேச்செடுத்திருக்கிறது. அடுத்து நிற்கிற நம்பர்காரன் தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் என்னிடம்தான் வந்து கேட்கிறான்.