விடியலுக்கு முன் கடலோரம்: நான்கு ஆண்டாக என்னிடம் இருக்கும் 50 மி.மீ. லென்ஸ்

2022 தொடக்கத்தில் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பழையதாக வாங்கினேன். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, சாதாரண டிரைபாட், அவ்வளவுதான். விடியுமுன் கடல்மேல் தெரியும் கோள்களை இன்றுவரை இதில்தான் எடுக்கிறேன்.

எஃப் 1.8-இல், அதாவது லென்ஸின் துளையை முழுக்கத் திறந்தால், வெள்ளியைச் சுற்றி ஊதா விளிம்பு படரும், துளையைக் குறைத்து 2.8-க்குப் போனால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெகுதொலைவு ஃபோகஸுக்கென லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். கேமரா திரையின் நேரடிக் காட்சியில் (லைவ் வியூ) 10 மடங்கு பெரிதாக்கி, வெள்ளி ஆகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தில் டேப் ஒட்டிவிடுவேன்.

லென்ஸைவிட என்னைப் பாடாய்ப் படுத்தியது மணல். இரண்டு விநாடிதான் எக்ஸ்போஷர், ஆனாலும் கோள்கள் கோடாக இழுத்திருக்கும். பூமியின் சுழற்சி என்று பல மாதம் பழி போட்டேன். அப்புறம்தான் தொடுவானமும் சேர்ந்து கலங்கியிருப்பதைக் கவனித்தேன். பூமி சுற்றினால் வானம் மட்டும்தானே நகர வேண்டும்? அலை திரும்பும்போது டிரைபாடின் கால்களுக்கு அடியிலிருந்த மணலை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. இப்போதெல்லாம் அலை எட்டாத மேட்டில் கால்களை அழுத்தி ஊன்றுகிறேன். நடுத்தண்டை உயர்த்துவதே இல்லை.

உப்பு இன்னொரு தொல்லை. வெள்ளியைச் சுற்றி அழகான ஒளிவட்டம் வந்திருக்கிறதே என்று ஒருநாள் மகிழ்ந்தேன். பார்த்தால், லென்ஸ் முன் மாட்டிய ஃபில்டரில் உப்புப் படலம்! அதை உலர்ந்த துணியால் தேய்த்து ஒரு ஃபில்டரைக் கீறியும் விட்டேன். முதலில் ஊதி, பிறகு நன்னீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். டிரைபாடின் கால் பூட்டுகளையும் அன்றன்றே கழுவாவிட்டால் இறுகிவிடும்.

2022 ஏப்ரல் கடைசியில் வெள்ளியும் வியாழனும் நெருங்கியபோது இடைவெளி ஏறத்தாழ முழுநிலவின் அகலம்தான். அப்போதும் இரண்டும் தனித்தனிப் புள்ளிகளாக விழுந்தன. அதே ஜூனில் புதன் முதல் சனி வரை ஐந்தும் வரிசையாக நின்றபோதுதான் லென்ஸ் கைவிட்டது. வரிசை 100 டிகிரிக்கும் மேல். லென்ஸ் பார்ப்பதோ குறுக்கே 40 டிகிரி. நான்கு படங்களை ஒட்டினேன். வானம் பொருந்தியது, அலைகள் பொருந்தவில்லை.

புதன் சூரியனைவிட்டு 28 டிகிரிக்கு மேல் விலகாது; தொடுவானத்து மங்கலில் பெரும்பாலும் தொலைந்துவிடும். இதுவரை மூன்று முறைதான் சிக்கியது, அதற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது. கடல் அமைதியான நாளில் வெள்ளியின் ஒளி நீரில் மெல்லிய கோடாக விழும். அதற்காகவே இதை விற்கவில்லை. அகன்ற லென்ஸ் ஒன்று வாங்கினாலும் இது பையில்தான் இருக்கும்.