கண்ணாடிக்குள்ளே ப்ரெயில்

இந்தத் தடவை ஊர்ப் பயணத்தில் விமானம், டாக்சி, பேங்க், ஆதார் திருத்தம் எல்லாமே ஒழுங்காக முடிந்தன. அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பதெல்லாம் ஒரு நோட்டீஸ் போர்டைப் பற்றித்தான். மரச்சட்டம், முன்னால் கண்ணாடிக் கதவு, கதவில் ஒரு சின்னப் பூட்டு. நாம் படித்த பள்ளிகளில் எல்லாம் ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே தொங்குமே, அதேதான். இது தொங்கிய இடம் மட்டும் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி.

பள்ளியின் பெயரும் ஊரும் வேண்டாம். வேலூரில் பஸ் ஏறிப் போகவேண்டிய தூரம், அவ்வளவு போதும். அக்கா மகன் அங்கே விடுதியில் தங்கி ஒன்பதாவது படிக்கிறான். கைக்குழந்தையிலேயே ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரியில் காட்டி, நரம்பிலேயே கோளாறு, பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். பையன் கெட்டிக்காரன். ஆற்காட்டிலிருந்து வேலூர் வரைக்கும் பஸ் எங்கே திரும்புகிறது, எந்தப் பாலத்தில் ஏறுகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தான். இருபது வருஷம் அமெரிக்காவில், ஆஸ்டினில் கார் ஓட்டிப் பழகிய எனக்கு, புதுப் பாலங்களுக்குப் பிறகு வேலூரில் கிழக்கு மேற்கே தெரியவில்லை.

பொங்கல் லீவு முடிந்து அவனைக் கொண்டுபோய் விடும் வேலை என்னிடம் வந்தது. கேட்டில் வாட்ச்மேன் ரிஜிஸ்டரை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டார். அப்பா அம்மா கையெழுத்துதான் செல்லும், மாமா கையெழுத்துக்கு ஹெட்மாஸ்டர் சொல்ல வேண்டும், அவர் மீட்டிங்கில் இருக்கிறார், வராந்தாவில் உட்காருங்கள். சரி, இந்த ஒரு விஷயத்தில் நான் வாட்ச்மேன் பக்கம். பிள்ளையை யார் கூட்டிவந்தாலும் விட்டுவிட முடியுமா?

வராந்தாவில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பையன் என் சட்டையை இழுத்தான்.

“மாமா, ஆபீஸ் வாசல்ல போர்டு ஒண்ணு கீதாமே. அதுல இன்னா எழுதிகீது?”

“ஏன், உனக்குத் தெரியாதா?”

“யாரு படிச்சுக் காட்டறது?”

எழுந்துபோய்ப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் விடுதி உணவுப் பட்டியல். திங்கள் காலை இட்லி என்று ஆரம்பித்து மாலைச் சிற்றுண்டிக்கு வருவதற்குள் பின்னால் குச்சி தட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஏழெட்டுப் பையன்கள். “சார், புதன்கிழமை சாயங்காலம் இன்னா போட்டுகீது, இன்னொரு தபா படிங்க” என்றான் ஒருவன். சுண்டல் என்றேன். ஒரே சிரிப்பு. “சுண்டலா! டேய், சுண்டலாம்டா!” அதற்குமேல் அவர்கள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்தது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு, சொல்வதை எழுதும் உதவியாளர் வேண்டுவோர் விவரம் தரவேண்டிய கடைசித் தேதி. அது போன மாதமே முடிந்திருந்தது. ஆனால் கிளாஸ் டீச்சர் வாயாலேயே சொல்லி, எல்லோரிடமும் விவரம் வாங்கி அனுப்பிவிட்டாராம். அதன் கீழே கையால் எழுதிய ஒரு தாள்: மோட்டார் பழுது, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும். தேதி ஆகஸ்ட். இன்னும் கீழே, குறைதீர்க்கும் அலுவலர் என்று ஒரு பெயரும் போன் நம்பரும். நம்பரைப் படித்ததும் ஒரு பையன் “மறுபடி சொல்லுங்க” என்றான். இரண்டாவது முறை சொன்னதோடு சரி, மூன்றாவது முறை அவனே எனக்கு ஒப்பித்தான்.

அப்போதுதான் வலது மூலையைப் பார்த்தேன். தடித்த பழுப்புத் தாள் ஒன்று, எழுத்தே இல்லாமல், புள்ளி புள்ளியாக. ப்ரெயில்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

பையன் கையைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்து, “இதுக்குப் பின்னால உன் எழுத்துல ஒரு பேப்பர் இருக்குடா” என்றேன். அவன் விரலைக் கண்ணாடியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா வழவழன்னு எழுதிகிறாங்க மாமா” என்றான்.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் கோயில் அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. காலியான இடத்தில் இந்தத் தாளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சத்தம் கேட்டு ஓர் ஆசிரியர் வந்தார். அவருக்கும் பார்வை இல்லை. அரசுப் பார்வையற்றோர் பள்ளிகளில் இப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருப்பது நம் மாநிலத்தில் புதிதில்லை, பெருமைப்பட வேண்டிய விஷயமும்கூட. விஷயத்தைச் சொன்னேன். “ப்ரெயில் ஷீட் ஒண்ணு உள்ள கீதா? எனக்கே இன்னிக்குத்தான் சார் தெரியுது” என்றார். சர்க்குலர் எதுவானாலும் பக்கத்து டேபிள் டீச்சர்தான் அவருக்குப் படித்துச் சொல்வாராம். போர்டின் கீழே தொங்கிய புகார்ப் பெட்டியைக் காட்டி, இதில் பிள்ளைகள் எழுதிப் போடுவார்களா என்று கேட்டேன். போடுவார்களாம். ஆனால் ப்ரெயிலில் எழுதியதை ஆபீஸில் படிக்கத் தெரிந்தவர்கள் கிடையாது. ஆகவே பெட்டியைத் திறந்ததும் தாள்கள் அவரிடமே வரும், அவர் உரக்கப் படிப்பார், யார் எழுதியது என்று புள்ளி குத்திய அழுத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். “என்னைப் பத்தியே ஒருத்தன் எழுதியிருந்தான் சார். அதையும் நானேதான் படிச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஹெட்மாஸ்டர் வந்தார். முழு ஹெட்மாஸ்டர் இல்லை, பொறுப்பு. அவருக்கு மேலே இருக்கவேண்டிய நாற்காலி காலி, விடுதிக் காப்பாளர் நாற்காலியும் காலி, இரண்டிலும் இவரே உட்கார்ந்திருக்கிறார். உடனே டீ சொன்னார். (இதை ஆஸ்டினில் எதிர்பார்க்க முடியாது. அங்கே பள்ளி வாசலில் லைசென்ஸைக் காட்டி, நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, சொன்ன நாற்காலியில் உட்கார வேண்டும். டீயாவது, பன்னாவது.)

போர்டைப் பற்றிக் கேட்டேன். கோபப்படவில்லை. “போன வருஷம் ஆய்வுக்கு வந்தவங்க அறிவிப்பு ப்ரெயில்லயும் இருக்கணும்னு குறிப்பு எழுதிட்டாங்க. ஒட்டிட்டோம். போட்டோ எடுத்து அனுப்பினோம். ஃபைல் முடிஞ்சுது.” சரி, கண்ணாடியைத் திறந்தாவது வைக்கலாமே? சாவி கிளார்க்கிடம். கிளார்க் பொங்கல் லீவில்.

பிறகு அவராகவே பள்ளி எப்படி நடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கும் அதுவரை தெரியாது. நம் ஊர் அரசுப் பள்ளி மாதிரி இது பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வருவதில்லை, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் வருகிறது. சம்பளம், விடுதி, சாப்பாடு எல்லாம் அங்கிருந்து. பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் கல்வித்துறை சொல்வதுதான். சுவர் ஒழுகினால் பொதுப்பணித்துறைக்கு எழுத வேண்டும். மாவட்டத்தில் ஒரு நல அலுவலர், மேலே கலெக்டர், அதற்கும் மேலே சென்னையில் ஆணையர். “எல்லாரும் எங்களுக்கு மேலதிகாரிதான் சார். மோட்டார் யாருதுன்னு மட்டும் இன்னும் முடிவாகல.”

சாதாரண அரசுப் பள்ளியில் 2022இல் அமைத்தார்களே, இருபது பேர் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு, அதில் பெரும்பாலோர் பெற்றோர்கள். எங்கள் தெருவிலேயே ஓர் அம்மா அதில் உறுப்பினராக இருந்தார், சத்துணவு முட்டை அளவு குறைந்ததென்று ஹெட்மாஸ்டரை உலுக்கி எடுத்தவர். உள்ளூர்ப் பள்ளி என்பதால் அவரால் தினமும் கேட் வாசலில் நிற்க முடிந்தது. விடுதிப் பள்ளியில் பிள்ளைகள் பல மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். அக்கா கூலி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து எந்த முட்டையை எண்ணுவாள்? அவள் வருவது லீவு விடும்போது ஒன்று, லீவு முடியும்போது ஒன்று.

ஆஸ்டினில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் படிப்பது டெக்சஸ் மாநிலத்துப் பார்வையற்றோர் பள்ளியில். 1856இல் தொடங்கியது, அதுவும் அரசுப் பள்ளிதான். அதை நடத்துவது ஒன்பது பேர் கொண்ட வாரியம். கவர்னர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரவேண்டும். பார்வையற்றவர்களுக்கும், பார்வையற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கும் அந்த வாரியத்தில் இடம் உண்டு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கூட்டம் எப்போது, எதைப் பற்றி என்று முன்கூட்டியே வெளியிட வேண்டும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பக்கத்து வீட்டுக்காரர் போவார். போய்விட்டு வந்து, பட்ஜெட்டையே மணிக்கணக்கில் பேசுகிறார்கள், தூக்கம் வருகிறது என்று என்னிடம் புலம்புவார். அந்தப் புலம்பலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சலிப்பாக இருக்கும். ஹெட்மாஸ்டர் ரூமில் டீ குடித்துக்கொண்டே நினைத்துப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது.

அதற்காக நம் ஊரில் சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர்க்கும் அலுவலர், வந்த புகாரை இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும் என்பது 23ஆம் பிரிவு. தகவல்கள் அவரவர் பயன்படுத்தக்கூடிய வடிவத்தில் கிடைக்க வேண்டும் என்பது 42ஆம் பிரிவு. போனில் தேடி எடுத்து ஹெட்மாஸ்டரிடம் காட்டினேன். “சட்டம் கீது சார், சாவிதான் இல்ல” என்றார். மனுஷன் நல்லவர். இரவு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவர்தான் என்று பையன் பிறகு சொன்னான். ஓடும் மோட்டார் மாதிரி இப்படி ஒரு மனுஷன் இருப்பதால்தான் பள்ளி ஓடுகிறது, ஆனால் அவருக்கு மாற்றல் வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் எந்த ரிஜிஸ்டரிலும் எழுதி வைக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தோம். நான் போர்டைப் பார்த்து வாசிக்க, அக்கா மகன் பலகையில் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே வந்தான். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். உணவுப் பட்டியல், போன் நம்பர், மோட்டார், எல்லாம் இரண்டு தாளில் அடங்கிவிட்டன. டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அந்த ஆசிரியர் அவற்றைச் சணல் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார். தடித்த தாளுக்குத்தான் அங்கே பஞ்சம். ஊருக்குப் போகிறவர்கள் இப்படி ஒரு பள்ளிக்குப் போவதாக இருந்தால் சாக்லேட் டப்பாவை விட்டுவிட்டு ப்ரெயில் தாள் கட்டு வாங்கிப் போங்கள்.

ஊருக்கு வந்ததும் மனு எழுதினோம். யாருக்கு எழுதுவது என்பதே பெரிய பாடு. அக்கா வீடு, என் சின்ன வயதில் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் மாவட்டம் இரண்டானது, பிறகு வேலூர் மாவட்டம், 2019இல் அதுவும் மூன்றாகி இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். பையனின் அடையாள அட்டை பழைய மாவட்டத்தில் கொடுத்தது, பள்ளி இருப்பது வேறு மாவட்டம். கடைசியில் ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் அக்கா வரிசையில் நின்று கொடுத்தாள். ரசீதும் கொடுத்தார்கள். நான் ஆஸ்டின் திரும்பிவிட்டேன்.

போன வாரம் ஹெட்மாஸ்டர் வாட்ஸப்பில் கூப்பிட்டார். “சார், உங்க மனு சுத்திட்டு எனக்கே வந்துடுச்சு. ‘உரிய நடவடிக்கை எடுத்து மனுதாரருக்குப் பதில் தரவும்’னு போட்டுகீது. மனுதாரர் நீங்கதான, இன்னா பதில் எழுதட்டும்?” கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டேன் என்று எழுதுங்கள், கழற்றியும் விடுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். அந்தக் கதவு இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதாம். கழற்றினால் தணிக்கையில் கேட்பார்கள், கழிவு செய்ய மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார், நகல் எனக்கும் அனுப்பினார்.