எட்டுப்பட்டை மோக்கா பாட்: யாருக்கு ஒத்துவரும்?

காபி முகத்தில் அறைகிற மாதிரி இருக்க வேண்டும் என்பவர்களுக்கு அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாட் நல்ல சாமான். 1933-ல் இத்தாலியில் அல்போன்சோ பியாலெட்டி கொண்டுவந்த வடிவத்தைத்தான் இன்றும் பலர் காப்பியடிக்கிறார்கள். என்னிடம் இருப்பதும் ஒரு நகல்தான்.

கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே காலிக் கிண்ணம். சூடேறினால் நீராவி தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். 'எஸ்பிரெசோ' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். எஸ்பிரெசோ என்பது மிகுந்த அழுத்தத்தில் இறக்கும், மேலே நுரை கட்டிய கெட்டிக் காபி. அதன் எந்திரத்தில் அழுத்தம் சுமார் 9 பார் ('பார்' என்பது அழுத்தத்தின் அலகு). இதில் ஒன்றிரண்டு தேறினாலே அதிகம். நுரைக்கு ஆசைப்படாதீர்கள். தூளை அழுத்தி அடைக்காதீர்கள். மூடியைத் திறந்தே வையுங்கள்: கரும்பழுப்பாக இழை இறங்கும், அப்புறம் வெளிறும், கொரகொரவென்று சத்தம் வரும். உடனே இறக்கிவிட வேண்டும். அசந்தால் கசப்புதான்.

துருக்கி முறையில் மாவாக அரைத்த தூளைக் கொதிக்கவைத்து மண்டியோடு ஊற்றுவார்கள். மணம் அபாரம், மண்டிதான் எனக்கு ஆகாது. மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசிக்கும் ஆகவில்லை போல. 1908-ல் ஜெர்மனியில் மகனின் நோட்டிலிருந்த மையொற்றுத் தாளில் வடிகட்டிப் பார்த்தார். காகித வடிகட்டி பிறந்த கதை அது. அந்தக் காபி தெளிவு, ஆனால் ரொம்பச் சாது.

குறைகள்: ரப்பர் வளையம் நாளடைவில் இறுகி, ஓரத்தில் ஆவி கசிகிறது. கைப்பிடி பிளாஸ்டிக், தீயைக் குறைத்தே வைக்க வேண்டும். அலுமினியம் என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. அது மட்டும் வைத்திருப்பவர்கள் எவர்சில்வரில் பாருங்கள்.