இரண்டு குழுவா, ஒரே குழுவா: தமிழ் வகுப்புச் செயலாய்வுக்கு எது தோது?

செயலாய்வு, அதாவது ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒரு முறையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு, என்றதும் பெரும்பாலான ஆசிரியர்கள் யோசிப்பது இரண்டு குழுக்களைத்தான். ஒன்றுக்குப் புதிய முறை, மற்றொன்றுக்குப் பழைய முறை, கடைசியில் சராசரிகளை ஒப்பிடுவது. ஒலிப்பதிவைக் கேட்டபடி வாசிப்பதையும் தானாகவே வாசிப்பதையும் என் வகுப்பில் ஒப்பிட வேண்டி வந்தபோது நான் ஒரே குழுவைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு முறைகளிலும் வாசித்தார்கள். மறுபடி செய்தாலும் அப்படித்தான் செய்வேன்.

மாறிகளில் சிக்கல் இல்லை. வாசிப்பு முறை சாரா மாறி, அதாவது நாம் மாற்றிப் பார்ப்பது. நிமிடத்துக்குப் பிழையில்லாமல் வாசிக்கும் சொற்களின் எண்ணிக்கை சார்ந்த மாறி, அதாவது அதனால் மாறுகிறதா என்று நாம் அளப்பது. எந்த வடிவமானாலும் இவை அப்படியேதான் இருக்கும். மாறுவது, சராசரிகளின் வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை: தனித்தனிக் குழுக்களுக்குச் சாரா டி-சோதனை, அதே பிள்ளைகளுக்கு இணை டி-சோதனை.

தீர்மானிப்பது ஆள் கணக்குதான். சிங்கப்பூரில் பல பள்ளிகளில் ஒரு நிலையில் தமிழ் படிப்பவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பில் அடங்கிவிடுவார்கள். அதையும் பாதியாகப் பிரித்தால் என்ன மிஞ்சும்? திட்டவிலக்கத்தில் (எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவு) பாதி அளவுள்ள வித்தியாசத்தை, வழக்கமான 0.05 வரம்பில் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம்), 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும், மொத்தம் 128. இணை வடிவத்தில், ஒரே பிள்ளையின் இரு அளவீடுகளுக்கும் இடையே ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு; முழுமையானால் 1) 0.5 என்றால் 34 பேர் போதும். ஒட்டுறவு 0.8 என்றால் ஏறக்குறைய 15 பேர். அது ஒரு வகுப்பு.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை நிமிடத்துக்கு 90 சொல் வாசிக்கும், அடுத்த நாற்காலியில் இருப்பது 38-இல் திணறும், இன்னொன்று 62. ஒலிப்பதிவோடு வாசிக்கும்போது இவை 96, 43, 67 ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். இவற்றை இரண்டு தனிக் குழுக்களின் எண்களாகப் பார்த்தால், பிள்ளைகளுக்கு இடையிலுள்ள பெரிய இடைவெளியில் முறையின் பலன் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு பிள்ளையின் கூடுதலையும் தனியே எடுத்தால் 6, 5, 5. இணை டி-சோதனை பார்ப்பது இந்த வித்தியாசங்களை மட்டும்தான்.

ஆனால் ஒரே குழு என்றதும் முன்தேர்வு, பின்தேர்வோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரு பருவம் கடந்தாலே பிள்ளைகள் எப்படியும் கொஞ்சம் முன்னேறிவிடுவார்கள். அதை முறையின் பலனாக எண்ணிவிடுவோம். பாதிப் பேர் ஒலிப்பதிவில் தொடங்க வேண்டும், மீதிப் பேர் தானாக வாசிப்பதில். அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். பனுவல்களும் ஒரே கடினத்தில் இரண்டு தேவை; அவற்றையும் மாற்றி மாற்றித் தர வேண்டும். இந்தத் தயாரிப்பு வேலை கூடுதல்தான்.

வித்தியாசங்கள் மணி வடிவப் பரவலில் அமையாவிட்டால் வில்காக்சன் இணைத் தரவரிசைச் சோதனை இருக்கிறது. தனிக் குழுக்களுக்கு மேன்-விட்னி சோதனை. மூன்று முறைகளை நான் ஒப்பிட்டதில்லை. அதற்குத் திரும்பத் திரும்ப அளக்கும் வகை அனோவா (பல சராசரிகளை ஒருசேர ஒப்பிடும் சோதனை) என்பது பொது விதி. பிள்ளைகள் சலித்துப்போவார்களோ என்ற சந்தேகம் மட்டும் எனக்கு உண்டு.

இரண்டு குழு வடிவம் தவிர்க்கவே முடியாத இடமும் உண்டு. உயிர்மெய் எழுத்துகளைப் புதிய முறையில் கற்றுக்கொண்ட பிள்ளையிடம், இப்போது அதை மறந்துவிட்டுப் பழைய முறையில் படி என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பாடத்துக்கு அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து ஆள் திரட்டி, ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதே நல்லது.