பணம் ஒரே பையிலா, இரண்டு பைகளிலா? விண்வெளி ஸ்டார்ட்அப்களுக்கான பன்னாட்டு மானியங்கள்: ஓர் ஒப்பீடு

மானிய அறிவிப்பு வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் தொகைக்குத்தான் போகும். நான் முதலில் தேடுவது வேறு. இரண்டு நாட்டு நிறுவனங்கள் கைகோத்துச் செய்யும் வேலைக்கு, இருவருக்கும் பணம் ஒரே பையிலிருந்து வருகிறதா, தனித்தனிப் பைகளிலிருந்து வருகிறதா? விண்வெளித் துறையில் ஒரு கூட்டு முயற்சி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஏன் என்று புரிய, ஒரு சிறிய செயற்கைக்கோள் கேமராவை எடுத்துக்கொள்வோம். லென்ஸ் பகுதியை ஒரு நாட்டு நிறுவனம் செய்கிறது, மின்னணுப் பலகையை இன்னொரு நாட்டு நிறுவனம் செய்கிறது. முதல் நாட்டில் பணம் வந்துவிட்டது. லென்ஸ் தயாராகித் தூய்மை அறையில் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் காத்திருக்கிறது. இரண்டாம் நாட்டின் அமைச்சகத்தில் கோப்பு இன்னும் நகரவில்லை. பலகை இல்லாமல் அதிர்வுச் சோதனை செய்ய முடியாது. சோதனைக்கூடத்தில் முன்பதிவு செய்த வாரம் கைவிட்டுப் போகிறது. வெப்ப வெற்றிட அறைக்கு அடுத்த இடம் சில மாதங்கள் கழித்துத்தான். ராக்கெட்டோ பலர் பகிர்ந்து ஏறும் வண்டி. ஒரு பயணிக்காக அது நிற்காது. இத்தனைக்கும் இரண்டு நிறுவனங்களும் ஒரு தவறும் செய்யவில்லை.

தனித்தனிப் பை முறைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு யூரோஸ்டார்ஸ் என்ற மானியத் திட்டம். 1985-இல் ஐரோப்பாவில் பிறந்த யுரேகா என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் கீழ் நடக்கிறது. குறைந்தது இரண்டு நாடுகளைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் வேண்டும். தலைமை ஏற்பது புத்தாக்கத்தில் ஈடுபடும் சிறு நிறுவனமாக இருக்க வேண்டும். எந்த ஒரு நாடும், எந்த ஒரு பங்காளியும் செலவில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 36 மாதங்களுக்குள் வேலை முடிய வேண்டும். விண்ணப்பங்களைப் பொதுவான நிபுணர் குழு மதிப்பிடுகிறது. இதுவரை எல்லாம் சிறப்பு. பணம் கொடுப்பது மட்டும் அந்தந்த நாட்டு நிதி அமைப்பு, அந்தந்த நாட்டு விதிப்படி. மதிப்பெண் நன்றாக வந்தும், ஒரு நாட்டின் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் முழுத் திட்டமும் சரிய நேரிடும். குடிசார் (இராணுவம் சாராத) பயன்பாட்டுக்கான திட்டங்களுக்கு மட்டுமே அனுமதி என்ற விதியும் உண்டு. மின்கலமோ மருந்தோ செய்பவருக்கு இது பொருட்டில்லை. விண்வெளியில் வயலைப் பார்க்கும் அதே கேமராதான் எல்லைக்கோட்டையும் பார்க்கும்; எனவே விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் எழுத வேண்டும். என்றாலும் பொருள், கருவி, மென்பொருள் போன்ற தரைவேலைகளுக்கு யூரோஸ்டார்ஸ் நல்ல வழி என்றே சொல்வேன். விண்ணில் பறந்து காட்ட வேண்டிய பொருளுக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

ஒரு நாடு மட்டும் பையைத் திறந்து, 'உங்களுக்குப் பிடித்த வெளிநாட்டுக் கூட்டாளியை அழைத்து வாருங்கள்' என்று சொல்வது அடுத்த முறை. பிரிட்டன் விண்வெளி முகமை 2023-இல் அறிவித்த இருதரப்பு நிதி அப்படிப்பட்டது: மொத்தம் 2 கோடி பவுண்டு, இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் சிறு தொகையில் கூட்டாளியோடு பேசிப் பழகித் திட்டம் தீட்டலாம். தேறியவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் பெரிய தொகை. இந்த இரண்டு படி அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். முன்பின் அறியாத இரண்டு நிறுவனங்களை முதல் நாளே மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவதைவிட, சில மாதம் சேர்ந்து வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்வது எவ்வளவோ மேல்.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2018-இல் தொடங்கிய அதன் விண்வெளி முகமை, இந்தியாவோடு சேர்ந்து செய்யும் மூன்று திட்டங்களுக்கு 2024-இல் 1.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் அறிவித்தது. அவற்றுள் 'ஸ்பேஸ் மெஷின்ஸ் கம்பெனி' என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் பெற்றது 85 லட்சம் டாலர். 'ஸ்பேஸ் மைத்ரி' என்ற அந்தத் திட்டத்தில் சுமார் 450 கிலோ எடையுள்ள ஆப்டிமஸ் விண்கலம் இந்தியாவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏற வேண்டும். 2026-இல் ஏவுவதென இந்திய அரசின் விண்வெளி வணிக நிறுவனமான நியூஸ்பேஸ் இந்தியாவுடன் 2024 ஜூனில் ஒப்பந்தமானது. இங்கே கவனிக்க வேண்டியது, மானியத்தோடு ராக்கெட்டில் இடமும் சேர்ந்து வருவது. விண்வெளிப் பொருள் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி 'இது இதற்கு முன் பறந்திருக்கிறதா?' என்பதுதான். ஆய்வகத்தில் எத்தனை சோதனை முடித்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதிலாகாது. இதே நிறுவனத்தின் முதல் ஆப்டிமஸ் 2024 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் போனது. சுற்றுப்பாதையில் அதனுடன் தொடர்பு கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் அடுத்த கலத்துக்கு அரசுப் பணம் கிடைத்தது. முதல் கலம் தோற்ற நிறுவனத்தைக் கைவிடாத அரசு, இந்தத் துறையின் இயல்பை அறிந்த அரசு என்பேன்.

ஆனால் ஒரே நாட்டின் பை என்றால் ஒரே அரசின் மனநிலை. இதே ஆஸ்திரேலியா 2022-இல் அறிவித்த 120 கோடி டாலர் புவிநோக்குச் செயற்கைக்கோள் திட்டத்தை 2023-இல் கைவிட்டது. ஆட்சி மாறியது, கணக்கு மாறியது. அந்தத் திட்டத்தை நம்பி ஆளெடுத்த சிறு நிறுவனத்துக்கு மேல்முறையீடு செய்ய இடமில்லை.

பொதுப்பை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஐரோப்பிய விண்வெளி முகமை. 1975-இல் உருவானது, உறுப்பு நாடுகள் போடும் பணம் அவரவர் நாட்டுத் தொழிலுக்கு ஒப்பந்தங்களாகத் திரும்ப வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. இதை வைத்துக்கொண்டு சிறிய நாடு என்ன செய்யலாம் என்பதற்கு லக்சம்பர்க் நல்ல பாடம். ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் அங்கே கிளை திறந்தது. அந்தக் கிளையில் உருவானது 'டெனேஷியஸ்' என்ற நிலவு ஊர்தி: எடை சுமார் 5 கிலோ, உயரம் 26 சென்டிமீட்டர், ஒரு கைப்பெட்டி அளவு. பணம் லக்சம்பர்கின் தேசியத் திட்டத்திலிருந்து ஐரோப்பிய முகமையின் ஒப்பந்தம் வழியாக வந்தது. தரையிறங்கு கலம் ஜப்பானுடையது, ராக்கெட் அமெரிக்காவுடையது. கலம் 2025 ஜனவரியில் கிளம்பி, ஜூனில் நிலவில் இறங்க முயன்று மோதியது. உயரத்தை அளக்கும் லேசர் கருவி சரியாக வேலை செய்யாததே காரணம் என்று கண்டறிந்தார்கள். ஊர்தி நிலவில் ஓடவில்லைதான். ஆனால் ஊர்தி செய்யத் தெரிந்த ஒரு குழு லக்சம்பர்கில் உருவாகிவிட்டது. மானியம் கொடுத்த நாட்டுக்கு அது மிச்சம்.

இதே லக்சம்பர்க் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வழியையும் முயன்றது. சிறுகோள்களில் சுரங்கம் தோண்டுவது பற்றிப் பேசிய அமெரிக்க நிறுவனமான பிளானட்டரி ரிசோர்சஸில் அரசே பங்கு வாங்கியது. 2018-இல் அந்த நிறுவனம் கைமாறியபோது அரசின் 1.2 கோடி யூரோ போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் சார்பு தெளிவு: வேலைக்குக் கொடுத்த பணத்தில் தோல்வியிலும் கைத்திறன் மிஞ்சுகிறது, தூரத்து நிறுவனத்தின் பங்குக்குக் கொடுத்த பணம் அந்தப் பங்கோடு போய்விடுகிறது.

ஐரோப்பிய முகமையின் தொழில் வளர்ப்பு மையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வயதுக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஆதரவு, பொதுவாக 50,000 யூரோ அளவில், பங்கு எதுவும் கேட்காமல். அருமையான திட்டம். ஆனால் வெளியிலிருந்து வருபவர் அந்த நாட்டில் நிறுவனத்தைப் பதிய வேண்டும். அதற்குப் பெயர் கூட்டுறவு இல்லை, குடிபெயர்வு. அதைத் தெரிந்தே செய்பவருக்குக் குறையில்லை.

ஹொரைசன் ஐரோப்பா, 2021 முதல் 2027 வரை ஐரோப்பிய ஒன்றியம் ஆராய்ச்சிக்கு நிதி தரும் பெரும் திட்டம்; மூன்று நாடுகளிலிருந்து மூன்று அமைப்புகள் தேவை; முன்பணம் தருகிறார்கள், அது பெரிய ஆறுதல். இருந்தாலும் விண்வெளி சார்ந்த சில அழைப்புகளில் பாதுகாப்பு நலன் காரணமாக வெளிநாட்டார் பங்கேற்பைக் கட்டுப்படுத்துகிறார்கள். விண்ணப்பத்தில் நூறு மணி நேரம் செலவழிக்கும் முன் அந்த ஒரு பத்தியைப் படித்துவிட வேண்டும்.

வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது விண்வெளிக்கென்று பிறந்ததே இல்லை. 1977-இல் அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து தொடங்கிய பேர்ட் அறக்கட்டளைதான் அது. இரு அரசுகளும் சமமாகப் போட்ட மூலதனம் ஒரு நிரந்தர நிதியாக இருக்கிறது. இரு நாட்டு நிறுவனங்களின் கூட்டுத் திட்டச் செலவில் பாதி வரை அந்த ஒரே இடத்திலிருந்து கிடைக்கிறது. பொருள் விற்பனைக்கு வந்தால் வருமானத்திலிருந்து திருப்பித் தர வேண்டும். கூடுதலாகத் தந்தாலும் பெற்றதில் ஒன்றரை மடங்கைத் தாண்டாது. தோற்றால் திருப்பித் தர வேண்டியதில்லை. பங்கும் கேட்பதில்லை, அறிவுசார் சொத்துரிமையும் கேட்பதில்லை. ஒரே விண்ணப்பம், ஒரே முடிவு, ஒரே கையெழுத்து நாள். லென்ஸ் பெட்டியில் காத்திருக்கும் கதை இங்கே நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. நிரந்தர நிதி என்பதால் ஓர் ஆண்டின் பட்ஜெட் வெட்டு அதை ஒரேயடியாகச் சாய்த்துவிடாது. விண்வெளி ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் ஒவ்வொரு இரு நாடும் இப்படி ஒரு பொதுக் கணக்கைத் திறக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எந்தப் பையைத் தேர்ந்தாலும் எல்லோருக்கும் பொதுவான ஒரு முட்டுக்கட்டை உண்டு: ஏற்றுமதி உரிமம். செயற்கைக்கோள் பாகங்கள் பல நாடுகளில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. பொருளை அனுப்புவது மட்டுமில்லை, வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியே. அமெரிக்கா 2014-இல் பல வணிகச் செயற்கைக்கோள் பாகங்களை ஆயுதப் பட்டியலிலிருந்து எடுத்து வணிகத் துறையின் பட்டியலுக்கு மாற்றியது. பாதை எளிதானது, உரிமம் தேவையில்லை என்றாகிவிடவில்லை. 18 மாத மானியத்தில் உரிமத்துக்கு ஆறு மாதம் போனால், மூன்றில் ஒரு பங்கு காலம் சம்பளம் மட்டும் கொடுத்துக் கழிகிறது.

இப்போது யாருக்கு எது? பொருள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது, கூட்டாளி புதியவர் என்றால் பிரிட்டன் பாணி இரண்டு படி நிதி. பொருள் தயார், பறக்க இடம் மட்டும் வேண்டும் என்றால் ஆஸ்திரேலியா பாணி. நிறுவனத்தையே இடம் மாற்றத் துணிந்தவருக்கு லக்சம்பர்க். இரு நாட்டிலும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிகிறார் என்றால், பொது நிதி எங்கே இருந்தாலும் தேடிப் போக வேண்டும். விண்ணப்பத்தை அனுப்பும் முன் நிதி அலுவலரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்: முதல் தவணை முன்பணமா, செலவு செய்த பின் வருவதா? கூட்டாளி நாட்டின் முடிவு தாமதமானால் எங்கள் தொடக்க நாளும் தள்ளிப்போகுமா? உரிமத்துக்காகக் காத்திருக்கும் மாதங்கள் திட்டக் காலத்தில் கழியுமா, கழியாதா?