புது ஹார்ட் டிஸ்க்னு சொல்லி 3 வருஷம் ஓடுனதை தலைல கட்டிட்டாங்க, மலை மேல இருக்கறவங்க கவனமா இருங்க

மக்களே, பதிவு கொஞ்சம் நீளம் தான். ஆனா ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருந்துக்கிட்டு கீழ கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி வாங்கலாம்னு யாராவது நினைச்சிட்டு இருந்தீங்கன்னா முழுசா படிச்சிருங்க. கம்ப்ளெயின்ட் போயிட்டு இருக்கறதால கடை பேரு போடல, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க ப்ளீஸ்.

எங்க வீடு கோத்தகிரில. அப்பா 2001ல இருந்து கல்யாண வீடியோ எடுத்தவரு, இந்த சுத்துவட்டாரத்துல படுகர் கல்யாணம், ஹெத்தை ஹப்பா, சர்ச் கல்யாணம், எஸ்டேட் லயன் வீட்டு விசேஷம்னு போகாத இடம் இல்ல. மினி டிவின்னு சொல்ற அந்த சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட் மட்டும் 310 இருக்கு. நம்ம ஊரு ஈரம் தான் உங்களுக்கே தெரியுமே, கேமரா லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கற மாதிரி கேசட் டேப்லயும் பிடிக்கும், பிடிச்ச டேப்ப ஓட்டுனா டேப்ப படிக்கற ஹெட்ல ஒட்டிக்கும், ஒரு தடவ ஓடுனது அடுத்த தடவ ஓடும்னு சொல்லவே முடியாது. அதனால எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்னு முடிவு பண்ணோம். ஒரு மணி நேர டேப் ஏத்த ஒரு மணி நேரம் ஆகும், ஃபாஸ்ட்டா ஏத்தறதுக்கு வழியே இல்ல. ஒரு டேப் கிட்டத்தட்ட 13 ஜி.பி. வரும், 310 டேப்புக்கு 4 டி.பி., அது போக பின்னாடி எடுத்த ஹெச்.டி. ஃபுட்டேஜ் எல்லாம் சேத்தா 12 டி.பி. தாண்டுது. எல்லாத்துக்கும் ரெண்டு காப்பி வேணும். அதான் 8 டி.பி. டிஸ்க் நாலு, ரெண்டு ரெண்டா ஜோடி போட்டு மிர்ரர் (ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும்)னு கணக்கு போட்டேன்.

இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல இருந்து சத்தம் வரவே கூடாதுன்னு கடைல சொல்லியிருந்தேன். ஏன்னு கீழ இருக்கறவங்களுக்கு புரியாது. அங்க சீலிங் ஃபேன் ஓடிட்டே இருக்கும், அதுல கம்ப்யூட்டர் சத்தம் காதுல விழாது. நம்ம வீடுகள்ல ஃபேனே கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல தேயிலைக் காட்டுல பூச்சி கத்தறது தான் சத்தம், அதுல ஹால்ல ஒரு டிஸ்க் உர்ர்னு ஓடுனாலும் பக்கத்து ரூம்ல தூக்கம் போயிரும். அம்மாவுக்கு ஏற்கனவே தூக்கம் வராது.

அதனால ஒரு மாசம் உக்காந்து படிச்சேன். 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர் இருக்கற மினி ஐ.டி.எக்ஸ். போர்டு, 6 வாட் இன்டெல் என்100 ப்ராசசர், அதுக்கு ஹீட் சிங்க் மட்டும் போதும், ஃபேன் வேண்டாம். டிஸ்க் பக்கத்துல மட்டும் மெதுவா சுத்தற 120 எம்.எம். ஃபேன் ஒண்ணு. சின்ன ஃபேனா போட்டா அதே காத்துக்கு வேகமா சுத்தி கீச்சுன்னு கத்தும், அதனால பெருசு. பவர் சப்ளை எஸ்.எஃப்.எக்ஸ்.னு சொல்ற சின்ன சைஸ்ல நல்ல பிராண்டு. டிஸ்க் 5400 ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு 5400 சுத்து) ஓடற நாஸ் மாடல், அதாவது நிக்காம ஓடற ஸ்டோரேஜ் பொட்டிக்குன்னு வர்றது, அதுலயும் டேட்டா எழுதற ட்ராக் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சி.எம்.ஆர். டைப்பா இருக்கணும்னு குறிப்பா எழுதிக் குடுத்தேன். எஸ்.எம்.ஆர். டைப்ல ஓடு வேஞ்ச மாதிரி ட்ராக் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், ஒரு ஓட்ட மாத்தணும்னா பக்கத்து ஓட்டயும் சேத்து கழட்டணும் இல்லயா, அந்த மாதிரி திருப்பி எழுதறதுக்கு ரொம்ப நேரம் எடுக்கும், மிர்ரர்ல ஒரு டிஸ்க் போயி புதுசு போடறப்ப உயிர வாங்கிரும்.

கடைக்காரரு போன்ல நல்லா தான் பேசுனாரு. "நீங்க லிஸ்ட்ட அனுப்புங்க்ணா, அப்படியே போட்டுத் தர்றேன், டெஸ்ட் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன், நீங்க வந்து எடுத்துட்டு போனா போதும்"னாரு. மொத்தம் 1,08,500 ரூபா, யு.பி.ஐ.ல தான் போட்டேன். போன வருஷம் ஜூன் மாசம், நல்ல மழை, காலைல முதல் பஸ்ல மேட்டுப்பாளையம் இறங்கி அங்கிருந்து கோயம்புத்தூர் போயி, பொட்டிய மடில வெச்சுக்கிட்டு அதே மாதிரி திரும்பி ஏறி வந்தேன். கடைல ஆன் பண்ணிக் காட்டுனாங்க, 32 டி.பி. தெரிஞ்சுது, சந்தோஷமா வந்துட்டேன். கடைல ஏ.சி., ஃபேன், ரோட்டு சத்தம், அங்க என்ன கேக்கும்? பில்லுல "8 டி.பி. ஹார்ட் டிஸ்க் – 4"னு மட்டும் இருந்துச்சு, மாடல் நம்பரும் இல்ல சீரியல் நம்பரும் இல்ல. அத நான் அங்கயே நின்னு கேட்டிருக்கணும், பஸ்ஸு போயிரும்னு அவசரத்துல விட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் ஆன் பண்ணா கரகரன்னு சத்தம். நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்துல எழுதறப்ப அரிசிய முறத்துல போட்டு புடைக்கற மாதிரி இருக்கு. மூடியக் கழட்டி லேபிள பாத்தேன், நான் கேட்ட மாடலே இல்ல, 7200 ஆர்.பி.எம்., பெரிய டேட்டா சென்டர்கள்ல போடற சீகேட் டிஸ்க். போன் பண்ணேன். "அண்ணா நீங்க கேட்டது ஸ்டாக் இல்ல, அதவிட ஒசந்தது போட்டுருக்கேன், அதே விலைக்கு, கம்பெனி சர்வர்ல போடற ஐட்டம்ணா, சந்தோஷப்படணும் நீங்க"ன்னாரு. சத்தமா இருக்குங்கன்னேன், கீழ ரப்பர் வாஷர் போடச் சொன்னாரு. போட்டேன். பொட்டிய ஸ்டோர் ரூமுக்கு மாத்தினேன். ஓபன் மீடியா வால்ட்ங்கற சாஃப்ட்வேர்ல ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன்னப் பத்தி தானே வெச்சுக்கற கணக்கு) பாத்தேன், நாலு டிஸ்க்கும் ஓடுன நேரம் 20 மணிக்குள்ள தான் காட்டுச்சு, சரி புதுசு தானேன்னு மனச தேத்திக்கிட்டேன்.

அப்பாவும் நானும் டெய்லி சாயங்காலம் ஆறு மணிக்கு உக்காருவோம். அவரு டேப்ப எடுத்து துடைச்சு குடுப்பாரு, நான் ஏத்துவேன். யாரு கல்யாணம், எந்த ஹட்டி (படுகர் ஊரு), யாரெல்லாம் இப்ப இல்லன்னு சொல்லிட்டே இருப்பாரு. லீவு நாள்ல ஆறேழு டேப் கூட ஏத்துவோம், ஏழு வாரத்துல 170 டேப் ஏத்திட்டோம்.

ஏழாவது வாரம் ஒரு டிஸ்க் டக் டக்குன்னு அடிக்க ஆரம்பிச்சு அன்னிக்கு ராத்திரியே செத்துருச்சு. மிர்ரர் இருக்கேன்னு தைரியமா ஜோடி டிஸ்க்ல இருந்து வெளிய ஒரு டிஸ்க்குக்கு காப்பி போட்டா, பாதில அதுவும் ரீட் எரர். ஒரே மாதிரி தேஞ்ச ரெண்டு டிஸ்க்க ஜோடி போட்டா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா தான் போகும், அது அப்ப எனக்குத் தெரியாது. 22 டேப்போட ஃபைல் போச்சு. திருப்பி ஏத்துனோம், 13 வந்துச்சு, 9 டேப் கட்டம் கட்டமா வருது, இல்ல ஓடவே மாட்டேங்குது. அதுல ஒண்ணு அப்பாவோட அத்தை மகள் கல்யாணம், எங்க பாட்டி பேசறது அதுல மட்டும் தான் இருந்துச்சு.

இனி முக்கியமான விஷயம். கடைக்காரரு என்ன சொன்னாருன்னா, "அண்ணா மலைல காத்து கம்மி, ஹார்ட் டிஸ்க் ஹெட்டு காத்துல தான் மிதக்குது, அங்க கொண்டு போனா எறங்கி தட்டத்தான் செய்யும், அதோட குளிரு, ஈரம், அதுக்கெல்லாம் வாரண்டி வராது". கேக்க நியாயமா தான் இருக்கு, டேட்டா படிக்கற ஹெட், சுத்தற தட்டுக்கு மேல காத்துல மிதக்கறதும் உண்மை தான். நானே ரெண்டு நாள் நம்பிட்டேன், ஊர நினைச்சு நொந்துக்கிட்டேன். அப்பறம் டிஸ்க்கோட மேனுவல தேடிப் படிச்சா, ஓடற நிலைமைல 3,048 மீட்டர் உயரம் வரைக்கும் தாங்கும்னு அச்சடிச்சிருக்கு, அதாவது 10,000 அடி. கோத்தகிரி 2,000 மீட்டர்கிட்ட கூட ஒழுங்கா வராது. நீலகிரிலயே ஒசந்த தொட்டபெட்டாவே 2,637 மீட்டர் தான், அந்த உச்சில டெலஸ்கோப் ஹவுஸ் பக்கத்துல வெச்சு ஓட்டுனாலும் அந்த டிஸ்க் கணக்குப்படி ஓடணும். குளிருன்னு சொன்னாரே, ஸ்டோர் ரூம்ல டிஸ்க் டெம்பரேச்சர் 31ல இருந்து 38 டிகிரிக்குள்ள தான் எப்பவும் இருந்துச்சு, டிஸ்க்குக்கு அதவிட சுகமான இடம் கிடையாது. கரண்ட் போனா யு.பி.எஸ். இருக்கு.

அப்ப தான் ஃபார்ம் லாகு பத்தி படிச்சேன். சீகேட் டிஸ்க்குக்குள்ள சாதாரண ஸ்மார்ட் கணக்கு போக தனியா ஃபார்ம்னு இன்னொரு கணக்கும் ஓடிட்டு இருக்கும். ஸ்மார்ட் கணக்க அழிச்சு பூஜ்யம் ஆக்கறவங்க பெரும்பாலும் இத தொடாம விட்டுடறாங்க. 2025 ஜனவரில ஜெர்மனில இதே கதை பெருசா வெளிய வந்துச்சு, சர்வர்ல ஓடி தேஞ்ச டிஸ்க்க புதுசுன்னு வித்திருக்காங்க, சியான்னு ஒரு கிரிப்டோ காசு தோண்டறதுக்கு ஓட்டுன டிஸ்க்கா இருக்கும்னு சந்தேகப்பட்டாங்க, அத கண்டுபிடிச்சது இந்த ஃபார்ம் லாக வெச்சு தான். லினக்ஸ்ல ஸ்மார்ட்மான்டூல்ஸ்ங்கற சாஃப்ட்வேர் 7.4 இல்ல அதுக்கு மேல இருந்தா ஒரே கமாண்டுல காட்டும். மிச்சம் உயிரோட இருந்த டிஸ்க்குல போட்டுப் பாத்தேன். ஸ்மார்ட் சொல்றது 1,100 மணி நேரம், ஃபார்ம் சொல்றது 27,400 மணி நேரம். மூணு வருஷத்துக்கு மேல நிக்காம ஓடியிருக்கு. வாழ்நாள்ல பாத்த அதிகபட்ச சூடு 57 டிகிரி. கோத்தகிரில எந்த வீட்ல 57 டிகிரி வரும்? கை நடுங்கிருச்சு எனக்கு, ஏன்னா அப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு. சீரியல் நம்பர கம்பெனி சைட்ல போட்டா, இது வேற சிஸ்டம் கம்பெனிக்கு போன டிஸ்க், வாங்கின இடத்துல கேட்டுக்கோங்கன்னு வருது, நேரடி வாரண்டி கிடையாது. டிஸ்க் கம்பெனி மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்க வித்த டிஸ்க் அதோட வேலைய முழுசா பாத்துட்டு தான் எங்கிட்ட வந்திருக்கு. அப்பறம் டார்ச் அடிச்சு பாத்தா ஸ்க்ரூ ஓட்டைல கீறல், கேபிள் சொருகற சாட்டா முள்ளுல கோடு கோடா தேய்மானம். முதல் நாளே பாத்திருக்கலாம்.

பவர் சப்ளையும் மாத்தியிருக்காங்க. பேரே கேள்விப்படாத ஒண்ணு, சாட்டா வயர் பத்தாததால பழைய நாலு முள்ளு கனெக்டர்ல இருந்து மோல்டு பண்ண சீப் கன்வெர்ட்டர் போட்டு ரெண்டு டிஸ்க்குக்கு குடுத்திருந்தாங்க. அந்த டைப் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகி உருகி தீப்பிடிக்கறது தெரிஞ்ச விஷயம். மர வீடு, மர பலகை சீலிங் எங்களுது. 3.5 இஞ்ச் டிஸ்க் ஸ்டார்ட் ஆகறப்ப ஒவ்வொண்ணும் 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும், நாலும் ஒண்ணா கிளம்புனா 100 வாட் பக்கம் அங்கயே போயிரும், அதனால இதுல காசு மிச்சம் பிடிக்க விடாதீங்க.

நீங்க எங்க வாங்கினாலும் பில்லுல டிஸ்க் மாடலும் சீரியல் நம்பரும் எழுத வைங்க, எழுத மாட்டேன்னா அந்த கடைல வேண்டாம். காசு குடுக்கறதுக்கு முன்னாடி கடைலயே நின்னு போன்ல சீரியல் நம்பர் போட்டு வாரண்டி பாருங்க. வீட்டுக்கு வந்ததும் டேட்டா ஏத்தாம முதல்ல முழு டிஸ்க்கும் எழுதிப் படிக்கற டெஸ்ட் போடுங்க, 8 டி.பி.க்கு ஒரு நாளுக்கு மேல ஆகும், ஆகட்டும். ஸ்மார்ட் நேரமும் ஃபார்ம் நேரமும் ஒத்து வருதான்னு பாருங்க. ஜோடி போடற டிஸ்க்க ரெண்டு கடைல தனித்தனியா வாங்குங்க. மூணாவதா ஒரு காப்பி வேற வீட்ல இருக்கணும், எங்களுக்கு அது இருந்திருந்தா பாட்டி குரல் இன்னிக்கு இருந்திருக்கும்.

கம்ப்ளெயின்ட் விஷயம். முதல்ல 1915க்கு போன் பண்ணேன், நுகர்வோர் ஹெல்ப்லைன், பதிவு பண்ணிக்கிட்டாங்க, கடைக்காரரு அதுக்கு பதிலே போடல. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்ல, 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். "மேல இருக்கறவன் ஒரு டிஸ்க்குக்காக எறங்கி வருவானா"ங்கற தைரியத்துல தான் இவங்க இப்படி பண்றாங்கன்னு நான் நினைக்கறேன், அதனால தான் ஊட்டிலயே மனு போட்டிருக்கேன். வாட்ஸப் லிஸ்ட், யு.பி.ஐ. ரசீது, ஃபார்ம் லாக் பிரிண்ட், டிஸ்க் போட்டோ எல்லாம் வெச்சிருக்கேன்.

வேற டிஸ்க் ரெண்டு, நான் முதல்ல கேட்ட அதே 5400 மாடல், ரெண்டு இடத்துல வாங்கி டெஸ்ட் பண்ணி போட்டாச்சு. ஹால்லயே வெச்சிருக்கோம், சத்தமே இல்ல. இன்னும் 140 டேப் பாக்கி, இன்னிக்கும் ஆறு மணிக்கு அப்பா துடைக்கற துணியோட வந்து உக்காந்துட்டாரு. பூஞ்சை பிடிச்ச மினி டிவி டேப்ப சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, அந்த 9 டேப்பயும் எடுத்துட்டு எங்க வேணா வர்றேன்.