இராணுவ லாஜிஸ்டிக்ஸ் ஆய்வுக்கு அரசு நிதி: காரைக்குடி ஆலோசனை நிலையம் ஒன்றின் சேவை

மதிப்பீடு: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

பனிமலைக் காவல் நிலைகளுக்கு உணவும் மருந்தும் சுமந்து செல்லும் ட்ரோன்களின் பேட்டரி உறைகுளிரில் திறன் குன்றிவிடாமல் காக்கும் பெட்டி ஒன்றை எங்கள் பட்டறை உருவாக்கி வருகிறது. இதற்கான ஆய்வுச் செலவுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியைக் கோரி விண்ணப்பிப்பதற்காகக் காரைக்குடியில் உள்ள ஓர் ஆலோசனை நிலையத்தை அணுகினோம். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

எந்தத் திட்டத்தில் விண்ணப்பிப்பது என்பதில் அவர்கள் தந்த தெளிவு கொடுத்த பணத்துக்குத் தகும். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பான டிஆர்டிஓவின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியில் திட்டம் ஒன்றுக்கு 50 கோடி ரூபாய் வரை, செலவில் 90 விழுக்காடு வரை கிடைக்கும் என்பதைக் கேட்டதும் எங்களுக்கு அதன்மீதே கண் போயிற்று. ஆனால் அங்கே பெரும்பாலும் அரசுத் தரப்பே தேவையை வரையறுத்து அறிவிக்கும் பொருள்களுக்குத்தான் இடம் என்பதையும், நாமாகக் கண்டுபிடித்த பொருளுக்கு 2018 ஏப்ரலில் திருவிடந்தைப் பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கப்பட்ட, பாதுகாப்புத் துறைப் புதுமைகளுக்கு மானியம் தரும் ஐடெக்ஸ் திட்டத்தின் திறந்த போட்டியே பொருந்தும் என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். அதில் பொதுவாக 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. பிரைம் பிரிவில் 10 கோடி, அதிதி பிரிவில் 25 கோடி வரை உயரும். ஆயினும் உருவாக்கச் செலவில் பாதிக்கு மேல் அரசு தராது, மீதியை நாம்தான் திரட்ட வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இதை மறைத்து ஆசை காட்டும் தரகர்களையும் பார்த்திருக்கிறேன்.

செலவுத் திட்டத்தைத் தயாரித்த விதமும் பாராட்டத்தக்கது. மானியம் மொத்தமாக வருவதில்லை. ஒவ்வொரு கட்டப் பணியும் முடிந்து சரிபார்க்கப்பட்ட பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படுகிறது என்பதால், பொருள் வாங்குதல், மாதிரி செய்தல், குளிர்ச் சோதனை என்று பிரித்து, தவணைகளுக்கு இடையே கைப்பணம் எவ்வளவு முடங்கும் என்பதையும் அவர்களுடைய கணக்காளர் தனியே காட்டினார். பேரேடும் ஐந்தொகையும் கைவந்த செட்டிநாட்டில் இது பெரிய வித்தையா என்று கேட்கலாம். நடந்ததற்குக் கணக்கு எழுதுவது வேறு, இனி நடக்க வேண்டியதற்கு எழுதுவது வேறு.

தொழில்நுட்பப் பகுதிதான் ஏமாற்றம். அவர்கள் எழுதித் தந்த வரைவில் "உலகத்தரம்", "புரட்சிகரம்" போன்ற சொற்கள் நிறைந்திருந்தனவே தவிர, சியாச்சின் போன்ற இடத்தில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரியை நெருங்கும்போது பெட்டிக்குள் எத்தனை டிகிரி நிலைக்கும், பெட்டியின் எடையால் ட்ரோன் சுமக்கும் சரக்கு எவ்வளவு குறையும், தடித்த கையுறை அணிந்த வீரர் அதன் தாழைத் திறக்க முடியுமா என்ற கேள்விகள் எதற்கும் விடை இல்லை. இவற்றை நாங்களே உட்கார்ந்து எழுதினோம். வியப்பு என்னவென்றால், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1953இல் திறக்கப்பட்டு, மின்வேதியியலில் இன்றுவரை ஆய்வு நடத்திவரும் சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இதே ஊரில் இருக்க, பேட்டரி தொடர்பான விண்ணப்பத்துக்கு அங்கே ஒரு கருத்துக் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பாதுகாப்புத் துறைத் தொழில்களை வளர்க்க அரசு வகுத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை எங்கள் பலங்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய அதன் ஐந்து மையங்களில் காரைக்குடி இல்லாததால் அந்தப் பத்தியை நீக்கச் செய்தோம்.

விண்ணப்பத்தின் முடிவு இன்னும் வரவில்லை. எனவே இந்த மதிப்பீடு சேவைக்கு மட்டுமே உரியது. ஐடெக்ஸ் இணையதளத்தில் நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்பதால், நல்ல ஆடிட்டரும் எழுதத் தெரிந்த பொறியாளரும் உள்ள நிறுவனங்களுக்கு இவர்கள் தேவைப்பட மாட்டார்கள். மற்றவர்கள் திட்டத் தேர்வுக்கும் செலவுக் கணக்குக்கும் மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தேர்வானால் மானியத்தில் குறிப்பிட்ட விழுக்காடு தர வேண்டும் என்ற நிபந்தனையையும் முன்வைப்பார்கள். ஆய்வுக்கென வரும் பணத்தில் அப்படிப் பங்கு கேட்பதை நாங்கள் ஏற்கவில்லை. மறுத்துப் பேசியதும் நிலையான கட்டணத்துக்கு இறங்கி வந்தார்கள்; அதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுத்தோம்.